ஸ்பீக்கரின் முதுகுப் பக்கம்

எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு கிடாரின் மரத்தில் தொடங்கி, பிக்கப்புக்குப் போய், பெடல்களில் நெடுநேரம் தங்கி, கடைசியில் ஆம்ப்ளிஃபயரில் வந்து நிற்கும். அந்த ஆம்ப்ளிஃபயரின் ஒலி எதன் வழியாக வெளியே வருகிறதோ அந்த மரப்பெட்டியைப் பற்றி, அதாவது ஸ்பீக்கர் கேபினெட்டைப் பற்றி, அநேகமாக யாரும் வாய் திறப்பதில்லை. நானும் பல ஆண்டுகள் அதை ஸ்பீக்கரைத் தாங்கி நிற்கும் ஒரு சட்டமாக மட்டுமே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் ஒரே மாலையில் மாறிப்போனது.

வாடகைக்கு எடுத்திருந்த ஒரு பயிற்சி அறையில் 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு பொருத்திய கேபினெட் ஒன்று கிடந்தது. கிடார் உலகில் இதை 2×12 என்பார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த என் 15 வாட் ட்யூப் ஆம்பை (டிரான்சிஸ்டருக்குப் பதில் பழைய வெற்றிடக் குழாய்களால் இயங்குவது) அதில் இணைத்து வாசித்தேன். மேல் தந்திகள் கேட்டன. கீழ்த் தந்திகள் இருந்த இடமே தெரியவில்லை. பேஸ் குமிழை முழுவதும் திருப்பியும், கேபிளை மாற்றியும், கிடாரையே மாற்றியும் பார்த்துவிட்டேன். ஒலி பாத்திரக் கடையில் வானொலி கேட்பதைப் போல மெலிந்தே இருந்தது. கடைசியில் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிச் சொருகப்பட்டிருந்தன. ஐயம் தீர்வதற்காக ஆம்பிலிருந்து கேபிளை உருவி, பெடலுக்கு வைத்திருந்த 9 வோல்ட் பேட்டரியை அதன் முனையில் ஒரு நொடி தொட்டேன். இடப்பக்கக் காகிதக் கூம்பு 'டப்' என்று முன்னால் எழுந்தது. வலப்பக்கக் கூம்பு அதே நொடியில் உள்ளே இறங்கியது. ஒன்று காற்றைத் தள்ள, மற்றது அதே காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கம்பிகளை இடம் மாற்றியதும் கீழ் இ தந்தி திரும்பி வந்தது. தரையில் ஊன்றிய பாதம் வரைக்கும் வந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்விதான். எதிரெதிராக அசையும் இரண்டு ஸ்பீக்கர்கள் ஒன்றையொன்று விழுங்குகின்றன என்றால், ஒரே ஒரு ஸ்பீக்கரிலும் அதே சண்டை நடந்தாக வேண்டுமே? கூம்பு முன்னால் எழும்போது முன்பக்கத்துக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்பக்கத்துக் காற்று விரிகிறது. ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கரும் எப்போதும் இரண்டு ஒலிகளைப் பிறப்பிக்கிறது. முன்னால் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று; இரண்டும் ஏறக்குறைய சமமானவை, ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. பெட்டியே இல்லாமல் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்துப் பார்த்தால், அந்த இரண்டும் கூம்பின் விளிம்பைச் சுற்றி வந்து கலந்து பேஸ் முழுவதையும் அழித்துவிடுவது தெரியும். கேபினெட் என்பது அடிப்படையில் அந்த முதுகுப் பக்கத்து ஒலியை என்ன செய்வது என்ற கேள்விக்கு மரத்தில் எழுதப்பட்ட விடை. இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால், கேபினெட்டுகளைப் பற்றிக் குழப்பமாகத் தோன்றும் பலவும் தாமாகவே வரிசைக்கு வந்துவிடுகின்றன.

முதல் விடை, பின்புறத்தைத் திறந்தே விடுவது. அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்தின் டீலக்ஸ் ரிவெர்ப், ட்வின் ரிவெர்ப், இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி 30 ஆகிய புகழ்பெற்ற காம்போக்கள், அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் அடங்கியவை, எல்லாம் இந்த வகை. முதுகுப் பக்கத்து ஒலி வெளியேறுகிறது. பலகைகளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வருவதற்கு அது சற்றுத் தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. கீழ் இ தந்தியின் அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல். அவ்வளவு நீண்ட அலைக்கு அரை மீட்டர் சுற்று ஒரு பொருட்டே இல்லை. ஆகவே முன்னலையும் பின்னலையும் எதிர்நிலையிலேயே சந்தித்துப் பெருமளவு கழிந்துபோகின்றன. அதிர்வெண் உயர உயர அலைநீளம் குறைந்து, கழிவதும் குறைகிறது. திறந்த பெட்டியின் பேஸ் மென்மையாகவும் சற்றுத் தளர்வாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். அதற்கு ஈடாக ஒரு பெரிய வரமும் கிடைக்கிறது: ஒலி முன்னும் பின்னும் பரவி, சுவர்களில் பட்டுத் திரும்பி, ஒரு பெட்டிக்குள்ளிருந்து வருவதாக இல்லாமல் அறையிலிருந்தே எழுவதாகத் தோன்றுகிறது. சுத்தமான டோனில் ஒரு கார்டை மீட்டிவிட்டு அது தேய்வதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தக் காற்றோட்டம் புரியும்.

இந்த வகையில் சுவரும் கேபினெட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பின்னலை சுவரில் மோதித் திரும்பி முன்னலையோடு சேரும்போது, தான் கடந்து வந்த தூரத்துக்கு ஏற்ப ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை வலுப்படுத்துகிறது. சுவருக்கும் பெட்டிக்கும் 30 செ.மீ. இடைவெளி விட்டால் கணக்கின்படி அந்த வலு 200 ஹெர்ட்ஸ் அருகே விழுகிறது, 60 செ.மீ. விட்டால் 120 ஹெர்ட்ஸ் அருகே இறங்குகிறது. ஆம்பில் ஒரு குமிழையும் தொடாமல், பெட்டியை இரண்டு சாண் நகர்த்தியே பேஸின் குணத்தை மாற்ற முடிகிறது. சுவரோடு சுவராகப் பெட்டியை ஒட்டி வைத்துவிட்டு, மத்திம ஒலிகள் அடைத்துக்கொண்டு கேட்கின்றன என்று புதுப் பெடல் வாங்கக் கிளம்பும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது விடை, பின்புறத்தை முழுவதும் மூடிவிடுவது. இப்போது பின்னலை வெளியேற வழியில்லை; ஆகவே முன்னலையை அழிக்கவும் வழியில்லை. அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போல நடந்துகொள்கிறது: கூம்பு உள்ளே வரும்போது அழுந்தி எதிர்த்துத் தள்ளுகிறது, வெளியே போகும்போது இழுத்துப் பிடிக்கிறது. அதன் விளைவாகக் கூம்பு இயல்பாக ஒத்ததிரும் இடம் மேலே ஏறுகிறது. திறந்த வெளியில் 75 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும் ஒரு ஸ்பீக்கர், மூடிய பெட்டிக்குள் 100 ஹெர்ட்ஸைத் தாண்டிய ஓரிடத்துக்குப் போய்விடும். ஏ தந்தியின் அடிப்படை 110 ஹெர்ட்ஸ் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கும்போது மார்பில் வந்து இடிக்கும் 'தொம்' என்ற அந்த ஒலி இந்தப் பகுதியிலிருந்துதான் கிளம்புகிறது. கனமான ராக் வாசிப்பவர்கள் மூடிய பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

இந்த இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு வரலாறே ஒரு சோதனையை நடத்திக் காட்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டரின் தொழிற்சாலை 1950களின் பிற்பாதியில் செய்த பாஸ்மேன் ஆம்ப், நான்கு 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்களை மெல்லிய பலகையில் பொருத்திய, பின்புறம் திறந்த, பைன் மரப் பெட்டி. பேஸ் கிடாருக்கென்று செய்யப்பட்டதைச் சாதாரண கிடார்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும், அவரோடு பணியாற்றிய கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரும் 1962 வாக்கில் அந்தப் பாஸ்மேனின் சுற்றையே பெரும்பாலும் பின்பற்றி ஜேடிஎம் 45 என்ற ஆம்பை உருவாக்கினார்கள். ட்யூப்களிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் சில மாற்றங்கள் உண்டு. அவற்றைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த பெரிய மாற்றம் பெட்டிதான். 15 வாட் மட்டுமே தாங்கக்கூடிய செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் இத்தகைய ஆம்பைத் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் ஒன்றோ இரண்டோ போதாது, நான்கு வேண்டும். நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள் கச்சிதமாக அடங்கும் ஒரு பெட்டியைச் செய்து, அதன் பின்புறத்தை மூடினார்கள். அமெரிக்க ஆம்பின் பளிச்சென்ற, விரிந்த ஒலி போய், தடித்த, முன்னால் பாயும் ஒரு புதிய ஒலி பிறந்தது. ராக் இசையின் ஒலி என்று இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பங்கு அந்த 4×12 பெட்டியுடையது என்பது என் உறுதியான எண்ணம்.

இதே சோதனைக்கு மறுபாதியும் உண்டு. ஏறக்குறைய அதே ஜேடிஎம் 45 சுற்றை மார்ஷல் நிறுவனம் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களோடு, பின்புறம் திறந்த காம்போவாகவும் விற்றது. அதன் மாடல் எண் 1962. ஆண்டு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு எரிக் கிளாப்டன் 1966ல் பதிவு செய்தபோது பயன்படுத்தியது இதைத்தான். அதனாலேயே அந்த ஆம்புக்கு ப்ளூஸ்பிரேக்கர் என்ற பெயர் நிலைத்தது. அந்தப் பதிவையும் அதே காலத்து 4×12 பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒன்றில் கிடாரைச் சுற்றி அறை இருப்பதும், மற்றதில் அறையைத் தள்ளிக்கொண்டு கிடார் வருவதும் காதுக்குத் தெரியும். வாசிப்பவர் வேறு, கிடார் வேறு, ஒலிப்பதிவும் வேறு என்பதால் அந்த வேறுபாடு முழுவதையும் பெட்டியின் கணக்கில் எழுத முடியாதுதான். ஆனாலும் அதன் திசை பெட்டி காட்டும் திசைதான்.

4×12 வளர்ந்த கதையில் உடல்வலியும் இருக்கிறது. 1965ல் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட், எட்டு ஸ்பீக்கர்கள் கொண்ட ஒரே பெட்டி வேண்டுமென்று மார்ஷலிடம் கேட்டு வாங்கினார். அதைத் தூக்கியவர்களின் முதுகு தாங்கவில்லை. அதன் பிறகு அது இரண்டு 4×12களாகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. மேடைகளில் நாம் பார்க்கும் 'ஸ்டாக்' இப்படித்தான் வந்தது. ஒரு 4×12ன் எடை இன்றும் 35 கிலோவை ஒட்டி இருக்கிறது. இரண்டாம் மாடிக்கு ஒருமுறை ஏற்றியவர் அதை மறக்கமாட்டார்.

நான்கு ஸ்பீக்கர்கள் சேரும்போது ஒலி கூடுவது மட்டும் நடப்பதில்லை. கீழ்ச் சுருதிகளில் நான்கும் ஒரே பெரிய கூம்பைப் போல ஒன்றுபட்டுக் காற்றைத் தள்ளுகின்றன. மேல் அதிர்வெண்களிலோ அலைநீளம் ஸ்பீக்கர்களுக்கு இடையிலான தூரத்தைவிடச் சிறியதாகிவிடுவதால், நேர் எதிரே நிற்பவருக்குச் சேர்ந்து வரும் அலைகள், பக்கவாட்டில் நிற்பவருக்கு முன்பின்னாக வந்து சில இடங்களில் கழிந்துபோகின்றன. ஒற்றை ஸ்பீக்கரே மேல் அதிர்வெண்களை ஒரு டார்ச் விளக்கைப் போல நேராகத்தான் பாய்ச்சும். 12 அங்குலக் கூம்பு ஏறக்குறைய 1300 ஹெர்ட்ஸிலிருந்தே ஒலியைக் குவிக்கத் தொடங்கிவிடுகிறது. 3000 ஹெர்ட்ஸில் அது ஒரு குறுகிய கற்றை. சிறிய மேடையில் இது ஒவ்வொரு நாளும் நடக்கும் விபத்துக்குக் காரணமாகிறது. பெட்டி தரையில் இருக்கிறது, வாசிப்பவரின் காது ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது; கற்றை அவருடைய முழங்காலை நோக்கிப் பாய்கிறது. டோன் மங்கலாக இருக்கிறதென்று அவர் டிரெபிளை ஏற்றுகிறார். முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களின் காதில் அது ஊசியாக இறங்குகிறது. மார்ஷலின் சாய்முகப் பெட்டியில் மேல் இரண்டு ஸ்பீக்கர்கள் சற்று வானத்தைப் பார்ப்பதும், பழைய ஃபெண்டர் ட்வின்களின் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தும் கால்கள் இருப்பதும் இந்தச் சிக்கலைப் பெருமளவு தணிக்கின்றன. வேறு வழியில்லாவிட்டால் பெட்டியைப் பின்னால் சாய்த்து அடியில் ஒரு செங்கல்லை வைத்தாலும் போதும். வாசிப்பவர் தன் டிரெபிள் குமிழை உடனே குறைப்பார். நாற்காலியின்மேல் தூக்கி வைத்தாலும் கற்றை காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும், ஆனால் தரை கொடுத்துவந்த பேஸின் ஆதரவு கொஞ்சம் போய்விடும்.

இவ்வளவையும் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு, என் கையால் ஒரு பெட்டி செய்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதலில் என் காம்போவின் திறந்த முதுகை ஒரு பலகையால் மூடிப் பார்த்தேன். பேஸ் வந்தது, ஆனால் பத்தே நிமிடத்தில் பலகை சுட்டது. ட்யூப்களும் டிரான்ஸ்ஃபார்மரும் அந்தத் திறப்பின் வழியாகத்தான் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. காம்போவை மூடி வாசிக்க வேண்டாமென்று இதைப் படிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தனிப்பெட்டிதான் சரியான வழி.

எங்கள் தெருவில் அலமாரிகளும் கதவுகளும் செய்யும் தச்சர் ஒருவர் இருக்கிறார். 18 மி.மீ. ப்ளைவுட்டில் உள்ளளவு 50 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம், 26 செ.மீ. ஆழம், அதாவது ஏறக்குறைய 58 லிட்டர் கொள்ளும் ஒரு பெட்டியின் படத்தை அவரிடம் கொண்டுபோனேன். பார்ட்டிகிள் போர்டு விலை குறைவுதான். ஆனால் சென்னையின் மழைக்காலத்து ஈரத்தில் அது ஓரங்களில் ஊதிப்போவதையும், திருகாணிகள் பிடிப்பிழப்பதையும் ஏற்கெனவே பார்த்திருந்ததால் அதைத் தவிர்த்தேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, பெட்டியத் தட்டினா கணீர்னு கேக்கணுமா, மொத்துனு கேக்கணுமா?"

எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. வீணைக் குடத்துக்குப் பலா மரத்தைக் குடைந்து, தட்டித் தட்டிக் கேட்டுச் செய்யும் ஊரிலிருந்து வரும் கேள்வி அது. அவருடைய கேள்வி கேபினெட் உலகின் நெடுநாள் விவாதத்தின் மையத்தில் வந்து விழுந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பழைய ஃபெண்டர் பெட்டிகள் கணீர் வகை. லேசான பைன் பலகைகள், விரல் கோத்ததைப் போன்ற மூலை இணைப்புகள், ஸ்பீக்கரோடு சேர்ந்து தானும் அதிரும் மெல்லிய முன்பலகை. இவையெல்லாம் கூம்பின் ஆற்றலில் கொஞ்சத்தை வாங்கித் தாமும் பாடுகின்றன. மார்ஷல் 4×12 மொத் வகை. பிர்ச் ப்ளைவுட்டின் விறைப்பான பலகைகள். போதாததற்கு முன்பலகையையும் பின்பலகையையும் நடுவில் இணைத்து நிற்கும் ஒரு முட்டுக்கட்டை. பலகைகள் அதிர மறுக்கும்போது ஆற்றல் காற்றுக்கே போகிறது. ஒலி இறுகி, தாளம் தெளிவாகிறது. வீட்டில் பாட்டுக் கேட்பதற்கான ஹைஃபை பெட்டியாக இருந்தால் மொத் என்பதுதான் ஒரே விடை, ஏனெனில் அந்தப் பெட்டி தன் குரலைக் காட்டவே கூடாது. அதற்காகவே அதன் உள்ளே பஞ்சும் அடைக்கிறார்கள். கிடார் கேபினெட் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்படுகிறது, ஏனெனில் அது ஒலியை எடுத்துச் சொல்லும் கருவி அன்று. இசைக்கருவியின் கடைசி உறுப்பு.

"மொத்துனே இருக்கட்டும் அண்ணே" என்று சொன்னேன். மரத்தைப் பற்றிய என் கருத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பின்புறம் திறந்ததா மூடியதா என்பது முதலில் வருகிறது. எந்த ஸ்பீக்கர் என்பது அதற்குச் சமமாகவோ ஒரு படி மேலாகவோ வருகிறது. பெட்டியின் அளவும் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கையும் அடுத்து. மரத்தின் இனம் இவை எல்லாவற்றுக்கும் பிறகு. பலகையின் தடிமனும் இணைப்பின் உறுதியும் மரத்தின் பெயரைவிட முக்கியம்.

பின்பலகையை மூன்று துண்டுகளாகச் செய்யச் சொன்னேன். மேலும் கீழும் உள்ளவை நிலையானவை, நடுத்துண்டை மட்டும் எட்டுத் திருகாணிகளைக் கழற்றி எடுத்துவிடலாம். ஒப்பிடும்போது என் விரல்களே ஏமாற்றிவிடக்கூடாது என்பதற்காக, ஒரே வரியை லூப்பர் பெடலில் பதிந்து அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். ஆம்பின் குமிழ்களில் பென்சிலால் கோடிட்டு அவற்றைத் தொடாமல் வைத்தேன். மூடிய நிலையில், அமுக்கி வாசித்த ஏ தந்தியின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எண்ணக்கூடியதாக இருந்தது; ஆனால் பக்கத்து அறைக்குப் போனதும் ஒலி சட்டென்று சுருங்கியது. நடுத்துண்டை எடுத்ததும் அந்த இடியில் ஒரு பங்கு குறைந்தது. கார்டுகளின் மேல்பகுதி விரிந்தது. அடுத்த அறையிலும் கிடார் கிடாராகவே கேட்டது. டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஒருவர் எப்போதும் என் ஆம்புக்குப் பின்னால்தான் அமர்வார். மூடிய பெட்டியோடு வாசித்த நாளில் என்னைக் கேட்கவே முடியவில்லை என்று அவர் வருந்தினார். அரைத்திறப்புக்கு மாறிய பிறகு அந்த வருத்தமில்லை. முதுகுப் பக்கத்து ஒலியை நம்பி ஒருவர் வாசிக்கிறார் என்பதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

மூடிய பெட்டிக்கு இன்னொரு கண்டிப்பு உண்டு: அது உண்மையிலேயே மூடியிருக்க வேண்டும். முதல் நாள், இ தந்தியின் மூன்றாம் கட்டையில் ஜி சுரத்தை, அதாவது 98 ஹெர்ட்ஸை, வாசிக்கும்போது மட்டும் ஒரு 'பர்ர்' ஒலி வந்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று பதறினேன். பலகைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வந்தபோது, பின்பலகையின் கீழ் மூலையில் கை வைத்ததும் அது நின்றது. ஒரு திருகாணி முழுவதும் இறங்கவில்லை. விளிம்பைச் சுற்றிக் கதவுக்கு ஒட்டும் ஃபோம் டேப்பை ஒட்டி இறுக்கிய பிறகு அந்த ஜி மற்ற சுரங்களோடு சேர்ந்துகொண்டது.

மூன்றாவது விடை ஒன்றும் இருக்கிறது. பின்னலையை அழிக்காமல், சிறை வைக்காமல், திசை திருப்பி வேலைக்கு அமர்த்துவது. பெட்டியில் ஒரு துளையை அளந்து வெட்டி, உள்ளிருக்கும் காற்றும் துளையிலுள்ள காற்றும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஊசலாடும்படி செய்தால், பின்னலை அந்த இடத்தில் நிலை மாறி முன்னலைக்குத் துணையாக வெளியே வரும். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் இதற்கான கணக்கை ஒழுங்குபடுத்தினார்கள். மெசா பூகி நிறுவனத்தின் தீல் கேபினெட் என்ற சிறிய 1×12 பெட்டி தன் உருவத்தை மீறிய பேஸைக் கொடுப்பது இந்தக் கணக்கால்தான். எனக்கு அந்த ஒலி சற்று அதிகம் செம்மையாகிவிட்டதாகத் தோன்றுகிறது. சிறிய வாகனத்தில் கருவிகளை ஏற்றிச் செல்பவர்களுக்கு அது ஒரு கொடை என்பதையும் மறுக்கவில்லை.

ஸ்பீக்கரின் தன்மையைப் பற்றி ஒரு சொல். கிடார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக விழுந்துவிடும். ஹைஃபை ஸ்பீக்கர் 20,000 வரைக்கும் போகும். டிஸ்டார்ஷன் பெடலை நேராக ஹைஃபையில் சொருகினால் குளவிக்கூட்டைக் கலைத்ததைப் போன்ற இரைச்சல் வருவது அதனால்தான். காகிதக் கூம்பு அந்த இரைச்சலை வடிகட்டி, சத்தமாக வாசிக்கும்போது தானும் மடிந்து நெளிந்து, தன் பங்குக்கு ஒரு கரகரப்பைச் சேர்த்து அனுப்புகிறது. ஓம் கணக்கைத் தவறவிடக்கூடாது என்பதும் இங்கே சேரும். 16 ஓம் ஸ்பீக்கர்கள் நான்கைத் தொடராகவும் இணையாகவும் கலந்து பிணைத்தால் மொத்தம் மீண்டும் 16 ஓம். 8 ஓம் இரண்டை இணையாகப் பிணைத்தால் 4 ஓம். ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் எண்ணும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். ட்யூப் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் இயக்கவே கூடாது.

ஓம் என்பது ஒரே எண்ணும் அன்று. 8 ஓம் என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர், பெட்டிக்குள் ஒத்ததிரும் இடத்தில் அதைப் போலப் பல மடங்கு எதிர்ப்பைக் காட்டும். மேல் அதிர்வெண்களிலும் மெல்ல ஏறும். டிரான்சிஸ்டர் ஆம்ப் இதைப் பெரிதும் பொருட்படுத்தாது. ட்யூப் ஆம்ப் அப்படியன்று. எதிர்ப்பு கூடும் இடத்தில் அதன் வெளியீட்டு மின்னழுத்தமும் கூடுகிறது. ஆகவே பெட்டி ஒத்ததிர்வை 75லிருந்து 110க்கு ஏற்றும்போது, ஆம்பும் அங்கேயே கூடுதலாக அழுத்துகிறது. பெட்டி ஆம்பிடமிருந்து வாங்குவதோடு நிற்காமல், எங்கே உரக்கப் பேச வேண்டுமென்று அதற்குச் சொல்லவும் செய்கிறது.

இப்போது பலர் பெட்டியே இல்லாமல், ஒரு கேபினெட்டின் ஒலித்தடத்தைப் பதிந்த கோப்பைக் கணினியில் ஏற்றி வாசிக்கிறார்கள். நள்ளிரவில் பதிவு செய்யும்போது நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தக் கோப்பில் இருப்பது ஒரு மைக் ஓரிடத்திலிருந்து கேட்டது மட்டுமே. எஸ்எம் 57 மைக்கைக் கூம்பின் நடுவிலிருந்து இரண்டு விரல்கடை விளிம்புப் பக்கம் நகர்த்தினாலே டோன் கூர்மை இழந்து கனம் பெறும். அறையில் நடந்தபடி கேட்பதற்கு அதில் இடமில்லை.

பெட்டி முடிந்து ஒரு மாதம் கழித்துத் தச்சர் வந்தார். நடுத்துண்டைக் கழற்றி வைத்து நான் வாசிக்க, அவர் முதலில் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்து, "மொத்துனுதான் இருக்கு" என்று தலையசைத்தார். பிறகு எழுந்து பெட்டிக்குப் பின்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"முன்னாடி குத்துது தம்பி. இங்கதான் உருண்டையா இருக்கு."

கிடாரை இறக்கி வைத்துவிட்டு நானும் அங்கே போய் லூப்பரை ஓடவிட்டுக் கேட்டேன். ஸ்பீக்கரின் காந்தமும் இரும்புச் சட்டமும் கூம்பை மறைத்து நிற்பதால் மேல் அதிர்வெண்களின் கூர்மை பின்னால் குறைவாகத்தான் வருகிறது. நடுப்பகுதிச் சுரங்கள் அவர் சொன்னபடியே உருண்டு திரண்டிருந்தன. இந்த வாரம் பதிவு செய்யும்போது முன்னால் ஒரு மைக்கும், அவர் நின்ற இடத்தில் இன்னொரு மைக்கும் வைத்து, பின்னால் உள்ளதன் துருவத்தை மட்டும் மாற்றிச் சேர்க்கப் போகிறேன்.